ஒரு மாப்பிள்ளை, இரண்டு விசாரணை

கிருஷ்ணன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் வேலையாக இருந்தது. வெளிநாடு போய்ப் படிக்க ஆசைப்படும் பிள்ளைகள் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் அரை மணி நேரத்தில் ஒரு கட்டுரை கேட்பார்கள். அதற்கு அவர்களைத் தயார் செய்யும் பொறுப்பும் என் தலையில்தான் விழுந்தது. பயிற்சிக்கு வைத்திருந்த தலைப்புகளில் ஒன்று வருடம் தவறாமல் வந்துவிடும். ஒரு சமுதாயத்தின் முக்கியமான குணங்களைத் தெரிந்துகொள்ள அதன் பெரிய நகரங்களை ஆராய வேண்டும் என்பார்கள், ஒத்துக்கொள்கிறாயா, மறுக்கிறாயா?

நான் ஒத்துக்கொள்கிற கட்சி. மாதிரிக் கட்டுரை ஒன்று எழுதி, நகல் எடுத்து, எல்லாருக்கும் கொடுத்திருந்தேன். நகரத்தில் யாரும் யாரையும் கவனிப்பதில்லை, அதனால் மனிதன் அங்கேதான் வேஷம் இல்லாமல் இருக்கிறான் என்று அதில் அடித்துச் சொல்லியிருந்தேன். எழுதியவள் எந்தப் பெரிய நகரத்திலும் சேர்ந்தாற்போல் நாலு நாள் இருந்தவள் இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மதிப்பெண்ணை அவர்கள் எனக்குப் போட்டிருப்பார்கள்.

எங்களுக்கு நகரம் என்றால் ராஜபாளையம்தான். மில் இருக்கிறது, பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, சாயங்காலம் பஜாரில் நடக்க முடியாத கூட்டம் இருக்கிறது. இதற்கு மேல் ஒரு நகரத்துக்கு என்ன வேண்டும்? ஆனால் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வந்துவிடும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோர்ட்டு எங்கே இருக்கிறது, தேர் எங்கே இருக்கிறது, கோபுரம் எங்கே இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு ஊரும் ஒன்றையொன்று கிராமம் என்றுதான் ரகசியமாக நினைத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தபோது அம்மா முதலில் சொன்னதே, "அந்த ஊருலயா?" என்பதுதான்.

அப்பா ஓய்வுபெற்ற போலீஸ் ஏட்டு. அதனால் எங்கள் சொந்தத்தில் யாருக்கு மாப்பிள்ளை பார்த்தாலும் விசாரிக்கிற பொறுப்பு அப்பாவிடம் வந்துவிடும். எங்கள் பக்கம் விசாரிக்காமல் பெண் கொடுக்க மாட்டார்கள். அதற்கென்று முறை இருக்கிறது. பையன் நல்லவனா என்று நேராகக் கேட்பது மடத்தனம். எல்லாரும் நல்லவன் என்றுதான் சொல்வார்கள், ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் தனக்கு எதற்கு என்று. அப்பா டீக்கடையில் போய் நின்று அந்த வீட்டுக்கு வழி மட்டும் கேட்பார். கடைக்காரர் கையை மட்டும் நீட்டினால் சுமாரான குடும்பம். இறங்கி வந்து தெருமுனை வரை கூட்டிப்போய்க் காட்டினால் நல்ல குடும்பம். "நமக்குத் தெரியாதுங்க" என்று கிளாஸைக் கழுவ ஆரம்பித்தால் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட வேண்டியதுதான். பிறகு முடிவெட்டுகிற கடை, மளிகைக்கடை, சர்ச் என்று ஒரு சுற்று. எல்லாவற்றையும் சட்டைப் பையில் இருக்கும் சின்ன நோட்டில் வரிசையாக எழுதிக்கொள்வார். வீட்டுக்கு வந்து அதைப் பிரித்து வைத்துக்கொண்டு வாசிப்பதைக் கேட்டால் மாப்பிள்ளைக்கு ஜாமீன் கிடைக்குமா என்று நமக்கே சந்தேகம் வரும்.

அப்பாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது மோட்டார்.

எங்கள் தெருவுக்கு நகராட்சித் தண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்று தொட்டியில் பிடித்து, மோட்டார் போட்டு மாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். நிரம்பி வழிந்தால் வீட்டில் ஒரு துக்கம் நடந்தது மாதிரி அப்பாவின் முகம் மாறிவிடும். எங்கே இருந்தாலும் அந்தச் சத்தம் அவர் காதில் விழும். "செத்த நேரம் இரு, மோட்டாரை நிறுத்திட்டு வாரேன்" என்று எழுந்துவிடுவார். பேச்சு பாதியில் நிற்கும், சோறு பாதியில் நிற்கும். ஒருமுறை போதகர் வீட்டுக்கு வந்து நீளமாக ஜெபம் செய்துகொண்டிருந்தார். நடுவில் அப்பா கண்ணைத் திறந்து, வெளியே போய், மோட்டாரை நிறுத்திவிட்டு வந்து, ஆமென் சொல்வதற்குள் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். மோட்டாருக்கு மட்டும் இரண்டு வீட்டிலும் ஒரே சொல். அவர்கள் தொட்டி வழிந்தாலும் அப்பாதான் சுவருக்கு மேலே எட்டிக் கத்துவார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வரனுக்கு முந்தைய வருடம் இன்னொரு வரன் வந்தது, தென்காசிப் பக்கம். அப்பா இரண்டு நாள் அங்கே தங்கி விசாரித்தார். நோட்டில் நாலு பக்கம் நிரம்பியது. டீக்கடைக்காரர் தெருமுனை என்ன, வீட்டு வாசல் வரைக்கும் வந்தாராம். நிச்சயத்துக்குத் தேதி குறித்து, சேலையும் எடுத்தாயிற்று. அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை மதுரையில் ஒரு ஓட்டலில் என்னைச் சந்தித்துப் பேச ஆசைப்பட்டார். போனேன். சாம்பார் கொண்டுவரத் தாமதமாயிற்று. தன் அப்பா வயதுள்ள ஒரு சப்ளையரை விரலைச் சொடுக்கிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் அந்த மனுஷர் கண் கலங்குகிற அளவுக்குப் பேசினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சாப்பிடாமல் எழுந்து பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். நிச்சயம் நின்றது. சொந்தக்காரர்கள் என்னைத் திமிர் பிடித்தவள் என்றார்கள். அதுகூடப் பரவாயில்லை. அப்பா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நானோ தாங்க முடியாததையெல்லாம் வாய்ப்பேச்சாக மாற்றிக்கொள்கிற ரகம். பார்க்கும்போதெல்லாம் அந்த டீக்கடைக்காரரைச் சொல்லி அப்பாவைச் சீண்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் புது வரன் வந்ததும் நான் ஒரே பிடியாக நின்றேன். பையன் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் பல வருடமாகச் சென்னையில் வேலை.

"இவரைச் சென்னையிலதான் விசாரிக்கணும்," என்றேன். "ஊருக்குள்ள எல்லாரும் நல்லவனாத்தான் இருப்பான். தப்புப் பண்ணுனா சாயங்காலத்துக்குள்ள அவன் அம்மா காதுக்குப் போயிரும். பேர் தெரியாத இடத்துல எப்படி இருக்கான்னு பாக்கணும்பா."

"பட்டணத்துல யாருகிட்டட்டி விசாரிப்ப? பக்கத்து வீட்டுக்காரன் பேரே அவியளுக்குத் தெரியாது."

"தெரியாததுதான் வேணும்."

"ஒரு மனுசன் குணம் அவன் ஊருலதான் இருக்கும். பட்டணத்துல அவன் வேல மட்டுந்தான் இருக்கும்."

வகுப்பில் இருந்தால் இந்த எதிர்வாதத்துக்கு நல்ல மதிப்பெண் போட்டிருப்பேன். வீட்டில் போட முடியவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்: நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரியுங்கள், நான் சென்னையில் விசாரிக்கிறேன்; இரண்டும் ஒத்துப்போனால் சம்மதம், இல்லையென்றால் இனிமேல் எனக்கு யாரும் மாப்பிள்ளை பார்க்க வேண்டாம், இதுவே கடைசி. அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. விளையாட்டாக ஆரம்பித்தாலும் கடைசி வார்த்தையில் விளையாட்டு இல்லை. அம்மாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"அப்பனும் மகளும் கொலைக்கேசு விசாரிக்கப் போறது மாதிரி போறீய," என்றாள். "கல்யாணப் பொண்ணே மாப்பிள்ளையை விசாரிக்கப் போனான்னு தெரிஞ்சா ஊரு சிரிக்கும்."

"சென்னையில யாரும்மா நம்மளைப் பாக்கப் போறா?" என்றேன். என் கட்டுரையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போனேன். கூடப் படித்த தோழி வீட்டில் பையை வைத்துவிட்டு, சாயங்காலம் வேளச்சேரியில் அந்த அடுக்குமாடிக் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றேன். வாடகைக்கு வீடு தேடுகிறேன் என்று சொல்வதாகத் திட்டம். வாட்ச்மேன் வடக்கே எங்கிருந்தோ வந்தவர், வயதானவர். அவரிடம், மூன்றாவது மாடியில் 'சி' வீட்டுக்காரர் தெரிந்தவர், ஆள் எப்படி என்று இழுத்தேன். அவர் கொஞ்சம் யோசித்தார்.

"3சி நல்ல சார். வண்டி கோட்டுக்குள்ளே விடும்."

"வேற?"

"வேற பேர் வண்டி கோட்டுக்கு வெளியே விடும்," என்று அவர்களைப் பற்றித்தான் வருத்தப்பட்டார்.

லிஃப்டிலிருந்து மூன்றாவது மாடிக்கார அம்மா ஒருவர் வந்தார். அவரிடமும் கேட்டேன். "3சியா? அது காலியா இருக்குன்னுல்ல நெனச்சேன்," என்றார். ஒரே மாடி, எதிர் வீடு. எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத ஊரில் நான் எதைக் கண்டுபிடிக்கப் போகிறேன்? அதைவிடப் பெரிய பயம், கல்யாணமானால் நானும் அந்தக் காலியான வீட்டில்தானே இருக்கப் போகிறேன்? மாதிரிக் கட்டுரையில் இதைப் பற்றி நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

கட்டடத்தின் கேட்டுக்கு எதிரே ஓர் இஸ்திரி வண்டி. ஓர் அக்கா வேஷ்டி தேய்த்துக்கொண்டிருந்தார். துணி கொடுப்பவள் போலப் போய் நின்று, மெட்ராஸ் தமிழில் பேசுவதாக நினைத்துக்கொண்டு, "ஒரு சேலை தேய்க்க எம்புட்டு நேரம் ஆகும்?" என்றேன்.

அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நீங்க எந்த ஊரு தாயி?"

"இங்கதான், பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"ராஜபாளையம்."

"அதான பாத்தேன். எனக்கு வத்திராயிருப்பு. பிளவக்கல் டேமுக்குப் போற ரோட்டுலதான் வீடு. ராஜபாளையத்துல நீங்க எந்தத் தெரு?"

விசாரிக்க வந்தவள் நான். அடுத்த பத்து நிமிடம் விசாரிக்கப்பட்டவளும் நான். தெரு, சர்ச், அப்பாவின் ஸ்டேஷன், அம்மாவின் பிறந்த ஊர், கல்லூரி, வயது, ஏன் இன்னும் கல்யாணமாகவில்லை என்பது வரைக்கும் அக்கா தேய்த்துக்கொண்டே வாங்கிவிட்டார். நோட்டு எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "3சி தம்பியை விசாரிக்கத்தானே வந்திருக்கீய? அவியளுக்குப் பொண்ணு பாக்காவன்னு எனக்குத் தெரியும்," என்றார். எனக்கு அந்த வேஷ்டிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கட்டடத்தின் உச்சியிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. மாடித் தொட்டி நிரம்பிவிட்டது. சுவரோரமாக இறங்கி, நிறுத்தியிருந்த வண்டிகளின் மேலெல்லாம் சொட்டியது. பால்கனியில் போன் பேசிக்கொண்டிருந்த ஒருவர் கொஞ்சம் நகர்ந்து நின்று தொடர்ந்து பேசினார். கேட்டில் வந்த ஒருவர் தலையில் பையை வைத்துக்கொண்டு ஓடினார். எத்தனை வீடு, எத்தனை விளக்கு; ஒரு கதவும் திறக்கவில்லை. என் கால் தானாகக் கேட்டை நோக்கிப் போனது. எனக்கு மோட்டார் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

"இருங்க," என்றார் அக்கா. "இப்ப வருவாவ பாருங்க."

படிக்கட்டில் தடதடவென்று சத்தம். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் ஓர் ஆள் ஓடி வந்தார். ஆபீஸ் பேண்ட், மேலே பனியன், காலில் செருப்பில்லை. போட்டோவில் கோட்டுப் போட்டிருந்த அதே முகம்.

"தம்பி," என்று அக்கா தெருவைத் தாண்டிக் கூப்பிட்டார், எனக்கு ஒரு நொடிகூட அவகாசம் கொடுக்காமல். "ராஜபாளையத்துப் பொண்ணு. உங்களை விசாரிக்கத்தான் வந்திருக்காவ."

அவர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டார், அது முகத்தில் நன்றாகத் தெரிந்தது. மேலே தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"செத்த நேரம் இருங்க," என்றார். "மோட்டாரை நிறுத்திட்டு வாரேன்."

போய்விட்டார். நான் சிரித்தேன். அந்த ஊரில் தெருவில் நின்று தனியாகச் சிரிக்கிறவளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த ஒரு விஷயத்தில் என் கட்டுரை சரி.

திரும்பி வருகிற வழியில் வாட்ச்மேனிடம் நின்றார். மதுரை ஓட்டலும் அந்தச் சொடுக்கும் எனக்கு ஞாபகம் வந்தன. இவர் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டி, "பையா, சாத் பஜே, மோட்டார்," என்று ஏழு மணியை இந்தியில் ஞாபகப்படுத்தினார். வாட்ச்மேன் தலையாட்டினார். நாளைக்கும் மறப்பார் என்பது இரண்டு பேருக்குமே தெரிந்த மாதிரி இருந்தது. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டார்கள்.

பிறகு என்னிடம் வந்து, பனியனோடு நிற்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்து, இரண்டு கையையும் கட்டிக்கொண்டார். என்ன கேட்பது என்று தெரியாமல், "யாருமே வரலையே, நீங்க மட்டும் ஏன் போறீய?" என்றேன்.

"சத்தம் கேக்குதுல்ல," என்றார். "கேட்ட பொறவு எப்படி உக்காந்திருக்க?"

நான் மறுநாள் ரயில் ஏறி வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் எனக்கு முன்னால் வந்துவிட்டது. இஸ்திரிக்கார அக்கா வத்திராயிருப்புக்குப் போன் போட, அது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர, மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவைக் கூப்பிட்டு, "உங்க மக பாவம் தெருவுலயே நின்னாளாமே, மேல போயி ஒரு காப்பி குடிச்சிருக்கலாம்லா," என்று வருத்தப்பட்டிருக்கிறார். யாருக்கும் தெரியாத ஊர் என்று நான் போன இடம் அது. அம்மா என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்பா பால்கோவாவோடு உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் நேற்றே விசாரித்து முடித்துவிட்டாராம்.

"என்னட்டி தெரிஞ்சுச்சு?" என்றார்.

"வண்டியைக் கோட்டுக்குள்ள நிறுத்துறாவ. மோட்டாரை நிறுத்த ஓடுறாவ," என்றேன். நடந்ததைச் சொன்னேன். வாட்ச்மேனிடம் பேசியதையும் சொன்னேன். அப்பா பால்கோவாவை மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"அங்க உங்ககிட்ட என்ன சொன்னாவ?"

"நல்லாத்தான் சொன்னாவ," என்றார். அவ்வளவுதான். நோட்டைப் பிரிக்கவில்லை. ஜெயித்த மிதப்பில் நான் அதைக் கவனிக்கவும் இல்லை.

கல்யாணம் முடிந்து, வேலையை விட்டுவிட்டு, 3சிக்கு வந்துவிட்டேன். எதிர் வீட்டு அம்மாவுக்கு இப்போது வீடு காலியாக இல்லை என்று தெரியும். நானே போய்ச் சொன்னேன். கிருஷ்ணன்கோவில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தத் தேர்வு வகுப்பை மட்டும் இப்போது இங்கிருந்தே கம்ப்யூட்டர் வழியாக எடுக்கிறேன். அந்தத் தலைப்பு வரும்போது முன்போல அடித்துச் சொல்ல வாய் வருவதில்லை. பெரிய நகரத்தைப் பார்த்தால் சமுதாயம் தெரியுமா என்றால், தெரியும். ஆனால் நான் பார்த்தது வேளச்சேரியிலா, வத்திராயிருப்பிலா என்றுதான் இன்னும் பிடிபடவில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் குழம்பிவிடுவார்கள். இரண்டு பக்கமும் எழுதுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

போன மாதம் அப்பா தனியாக எங்களைப் பார்க்க வந்தார். சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். என் வழக்கம் போகுமா, ஆரம்பித்தேன்.

"இப்பவாவது ஒத்துக்கிடுங்கப்பா. உங்க ஸ்ரீவில்லிபுத்தூர் விசாரணையா, என் சென்னை விசாரணையா, எது ஜெயிச்சுச்சு?"

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் விசாரிக்கவே இல்லட்டி."

நான் விளையாட்டு என்று நினைத்தேன்.

"பஸ்ஸ விட்டு இறங்குனேன். டீக்கடையில நின்னேன். அவிய வீடு எதுன்னு கேக்க வாய் வரல. போன தடவ எம்புட்டுப் பேருகிட்டக் கேட்டேன், அம்புட்டுப் பேரும் நல்லாச் சொன்னாவ. உன்னைக் கொண்டுபோய் அந்தக் கையில குடுக்கப் பாத்தேனே. இனி யாரு என்ன சொன்னாலும் நான் எப்படி நம்ப? டீயைக் குடிச்சிட்டு, பால்கோவா வாங்கிட்டு, திரும்பிட்டேன். நீ பாத்துட்டு வந்து சொல்லுவன்னு இருந்தேன்."

அந்த ஒரு வருடம் முழுக்க அந்த டீக்கடைக்காரரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததெல்லாம் எனக்கு நினைவு வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா அதற்கும் பழக்கமில்லாதவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அப்பா கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார். "செத்த நேரம் இரு," என்று செருப்பைத் தேடினார். உள்ளறையிலிருந்து என் வீட்டுக்காரர் ஏற்கெனவே வெளியே போயிருந்தார். படிக்கட்டில் தடதடவென்று கால் சத்தம் இறங்கியது. அப்பா ஒரு காலில் மட்டும் செருப்போடு கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, மிச்சக் காப்பியைக் குடித்தார்.